குங்ஃபூவில் ஒரு பாணியைக் கற்கத் தொடங்குமாறு மக்களை ஈர்ப்பது எது?

"எத்தனையோ குங்ஃபூ பாணிகள் இருக்க, ஒருவர் குறிப்பிட்ட ஒன்றைக் கற்கத் தொடங்குவது ஏன்? உங்களை ஈர்த்தது எது?" என்பது கேள்வி. நான் ஹாங்காங்கில் வேலை பார்த்த ஆண்டுகளில் விங் சுன் என்னும் தென்சீனப் பாணியைக் கற்றேன். ஊர் திரும்பிய பின்னும் பயிற்சியை விடவில்லை. மற்றப் பாணிகளை வெளியிலிருந்தே அறிவேன் என்பதால், விங் சுன்னை மட்டும் வைத்து விடை சொல்கிறேன். திரைப்படமோ கதையோ நம்மை வாசல்வரை அழைத்து வருகிறது. வாசலைத் தாண்டி உள்ளே உட்கார வைப்பது, தம்மைவிட மெலிந்த ஒருவரின் கையைத் தொட்டுத் தோற்றுப்போகும் அந்த முதல் சில நொடிகள்தாம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எனக்கு அது நேர்ந்தது 2012-இல், யாவ் மா தெய் பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் ஐந்தாம் மாடியில். அலுவலக நண்பர் ஒருவர் தாம் போகும் பயிற்சிக்கூடத்தைப் பார்க்க வரும்படி அழைத்திருந்தார். எங்கள் ஊர் வீட்டு முற்றத்தைவிடச் சற்றே பெரிய ஓர் அறை. ஒரு மூலையில் கைகள் நீட்டிய மரத்தூண். சுவரில் மறைந்த ஆசிரியர்களின் படங்கள், அவற்றின் முன் ஊதுவத்தி. ஆசிரியருக்கு அறுபது வயதைத் தாண்டியிருக்கும். என் தோளுயரம்கூட இல்லை. என் முன்கையைத் தம் முன்கைமேல் வைக்கச் சொல்லி, முழுப் பலத்தோடு தம் மார்பை நோக்கித் தள்ளும்படி சைகை காட்டினார். தள்ளினேன். எதிர்ப்பு இருக்கும் என்று எண்ணிய இடத்தில் ஒன்றுமே இல்லை; நான் முன்னே சரிந்து நின்றபோது அவருடைய உள்ளங்கை என் நெஞ்சில் மெல்லப் பதிந்திருந்தது. மறுமுறை எச்சரிக்கையாகக் கையைப் பின்னுக்கு இழுத்தேன்; அவர் கை என் கையோடு ஒட்டிக்கொண்டே வந்து அதே இடத்தில் பதிந்தது. எனக்குச் சிறிதும் வலிக்கவில்லை. அன்று இரவு வீட்டில் படுத்துக்கொண்டு, நான் தள்ளிய பலம் எங்கே போயிற்று என்று நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். மறுவாரமே கட்டணம் செலுத்திச் சேர்ந்துவிட்டேன்.

விங் சுன் பயில்வோரிடையே வழங்கும் கான்டனீஸ் (ஹாங்காங்கில் பேசப்படும் சீன மொழி) வாய்பாடு ஒன்று உண்டு: வருவதை ஏற்று நிறுத்து, போவதை உடன்சென்று வழியனுப்பு, கை விடுபட்டால் நேரே பாய். என் கைக்கு அன்று நேர்ந்ததன் முழு விளக்கமும் இந்த ஒரு வரியில் இருந்தது என்பது பல மாதங்கள் கழித்தே எனக்குப் புரிந்தது.

இந்தப் பாணியின் வரலாற்றைப் பிறகு தேடிப் படித்தபோது என்னை வியப்பில் ஆழ்த்தியது வேறொன்று. இப்பரம்பரையின் பெரிய பெயர்கள் பலரும் ஏறத்தாழ இதே வாசல் வழியாகத்தான் வந்திருக்கிறார்கள். இன்று உலகெங்கும் பரவியிருக்கும் விங் சுன்னின் பெரும்பகுதி யிப் மான் என்னும் ஆசிரியர் வழி வந்தது. அவர் 1893-இல் குவாங்டுங் மாகாணத்து ஃபோஷான் நகரில் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். நாணயம் மாற்றும் தொழில் செய்த சான் வா சுன் என்னும் ஆசிரியர், யிப் குலத்தாரின் மூதாதையர் மண்டபத்தில் இடம்பிடித்துக் கற்பித்துவந்தார்; சிறுவன் அங்கே பார்த்துப் பார்த்துத்தான் மாணவனானான். எது அருகில் இருக்கிறதோ அதுவே பலருக்கும் முதல் பாணியாக அமைகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. பின்னர் படிப்பதற்காக ஹாங்காங்குக்கு வந்த இளைஞர் யிப் மான், தம் திறமைமேல் மிகுந்த நம்பிக்கையோடு ஒரு முதியவரிடம் கைகலந்து பார்த்து எளிதில் தோற்றார் என்றும், அம்முதியவர் தம் ஆசிரியருக்கே ஆசிரியரான லியூங் ஜான் என்னும் ஃபோஷான் மருத்துவரின் மகன் லியூங் பிக் என்பது பிறகே தெரியவந்தது என்றும் பரம்பரையினர் சொல்வர். யிப் மான் தம் மாணவர்களிடம் சொன்ன கதை இது. வரலாற்றுச் சான்றாக நான் இதைக் காட்டவில்லை. ஆனால் ஓர் ஆசிரியர் தம் கல்வியின் திருப்புமுனையாக ஒரு தோல்வியைத் தேர்ந்தெடுத்துச் சொன்னார் என்பதே எனக்குப் பெரிய செய்தியாகப் படுகிறது.

சீனாவில் ஆட்சி மாறிய காலத்தில் சொத்தையெல்லாம் இழந்து ஹாங்காங்குக்கு வந்த யிப் மான், 1950-இல் உணவகத் தொழிலாளர் சங்கத்தில் கற்பிக்கத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது ஐம்பதைக் கடந்திருந்தது, உடலும் சிறியது. அச்சங்கத்தைச் சேர்ந்த லியூங் சியூங் ஏற்கெனவே வேறு பாணிகளில் தேர்ந்தவர். யிப் மானோடு கைகலந்து பார்த்த பிறகு, தாம் கற்றதை ஒதுக்கிவைத்துவிட்டு அவரிடம் மாணவரானார். சில ஆண்டுகள் கழித்து, குத்துச்சண்டை பழகியிருந்த வோங் சுன் லியூங் என்னும் இளைஞர் யிப் மானைச் சோதித்துப் பார்க்கவே வந்து, தோற்று, அங்கேயே தங்கிவிட்டார். பிற்காலத்தில் வேற்றுப் பாணியினரோடு நடந்த சவால் சண்டைகளில் அவர் பெற்ற பட்டப்பெயர், கைகளால் பேசுவோரின் அரசன் என்று பொருள்படும்.

ஆனால் அந்தக் காலத்து ஹாங்காங்கை விட்டுவிட்டு இதை வெறும் தனிமனிதர் கதையாகச் சொல்வது சரியாகாது. 1945-இல் ஏறத்தாழ 6 இலட்சமாக இருந்த அந்நகரின் மக்கள்தொகை, சீனப் பெருநிலத்திலிருந்து வந்து குவிந்த அகதிகளால் 1950களின் தொடக்கத்தில் 20 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. உறவினர் இல்லாமல், உறங்க இடமில்லாமல், பகலெல்லாம் தட்டு தூக்கி உழைத்த இளைஞர்களுக்கு, பயிற்சிக்கூடம் ஒரு குடும்பத்தின் அமைப்பைத் தந்தது. கான்டனீஸில் ஆசிரியரைக் குறிக்கும் சிஃபூ என்ற சொல்லிலேயே தந்தை என்னும் பொருள் பொதிந்திருக்கிறது. முன்னால் சேர்ந்தவர் சிஹிங், அதாவது அண்ணன். பெண்ணானால் சிஜே, அக்காள். ஊரை விட்டு வந்து தனியறையில் வாழ்ந்த எனக்கு, அந்த ஐந்தாம் மாடியில் ஒருவர் என்னைத் தம்பி முறை வைத்து அழைத்தபோது ஏற்பட்ட ஆறுதலை இங்கே மறைக்க விரும்பவில்லை.

இடநெருக்கடியும் இந்தப் பாணிக்குத் துணை செய்தது. அகன்ற தாழ்ந்த நிலைகளில் நின்று பழகும் ஹுங் கா, நீண்ட கைவீச்சுகளுக்குப் பெயர்பெற்ற சோய் லி ஃபுட் போன்ற தென்சீனப் பாணிகளுக்கு ஓரளவு திறந்த இடம் வேண்டும். விங் சுன்னின் முதல் படிவமான (தனியாகச் செய்து பழகும் அசைவுத் தொடர்) சியூ நிம் தாவ் முழுவதையும், பாதங்களைப் பெயர்க்காமல், இருவர் நின்றாலே நிறைந்துவிடும் சமையலறையில்கூடச் செய்து முடிக்கலாம்.

1954 சனவரியில் ஹாங்காங்கை அடுத்த மக்காவ் நகரில், தாய் ச்சி ஆசிரியர் வூ கோங்யிக்கும் வெள்ளைக் கொக்குப் பாணியைச் சேர்ந்த சான் ஹாக் ஃபூவுக்கும் இடையே மேடைச் சண்டை ஒன்று நடந்தது. முந்தைய கிறிஸ்துமஸ் நாளில் ஹாங்காங்கின் ஷெக் கிப் மெய் குடிசைப் பகுதியை எரித்து ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை வீடற்றவராக்கிய தீயினால் பாதிக்கப்பட்டோருக்கு நிதி திரட்டுவதும் அதன் நோக்கமாக இருந்தது. மோதல் வெற்றி தோல்வியின்றி விரைவில் நிறுத்தப்பட்டது. ஆனாலும் அதைப் பற்றிய பேச்சு நகரெங்கும் பரவி, அதே மாதத்தில் ஒரு மாலை நாளிதழ் வீரசாகசத் தொடர்கதையைத் தொடங்கும் அளவுக்குச் சென்றது. புரூஸ் லீ என்ற பதின்வயதுச் சிறுவன் யிப் மானிடம் சேர்ந்ததும் ஏறத்தாழ அந்த ஆண்டுகளில்தான். தெருச் சண்டைகளில் வெல்ல வேண்டும் என்ற விருப்பம் அவனுக்கு இருந்தது. பயிற்சியில் பெரும்பகுதியை அவன் பெற்றதோ, மேலே சொன்ன வோங் சுன் லியூங்கிடம்.

அந்தச் சிறுவன் வளர்ந்து நடித்த படங்களே, 1970களில் உலகெங்கும் இலட்சக்கணக்கானோரைப் பயிற்சிக்கூடங்களை நோக்கி அனுப்பின. தமிழ்நாட்டில் அதன் விளைவு சற்றே வேறு விதமாக இருந்தது. 1980களின் இறுதியில் தென்காசிப் பக்கத்தில் நான் பள்ளியில் படித்தபோது, முடிதிருத்தும் கடைகளிலும் உடற்பயிற்சிக் கூடங்களிலும் புரூஸ் லீயின் படம் ஒட்டியிருக்கும். அதைப் பார்த்து ஆசைப்பட்ட நான் போய்ச் சேர்ந்தது கராத்தே வகுப்பில். எங்கள் ஊரில் கற்பிக்க இருந்தது அது ஒன்றுதான். அந்தக் காலத்தில் கராத்தே பழகிய என் வயதினர் பலருக்கும் ஆசை ஓரிடத்திலும் கல்வி ஓரிடத்திலும் அமைந்தன என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கும். இரண்டு ஆண்டுகளில் நான் விட்டுவிட்டேன். ஆனால் அந்த ஆசைதான் இருபது ஆண்டுகளுக்கு மேல் உள்ளே கிடந்து, யாவ் மா தெய் மாடிப்படிகளில் என்னை ஏற்றியது.

நம்மவரிடையே இன்னொரு ஈர்ப்பும் உண்டு. போதிதர்மரைப் பற்றி 2011-இல் வந்த தமிழ்த் திரைப்படத்துக்குப் பிறகு, "குங்ஃபூ நம்முடையதுதானே?" என்று என்னைக் கேட்காத நண்பர் இல்லை. சீனாவின் ஷாவோலின் மடத்து உடற்பயிற்சிகளைப் போதிதர்மரோடு இணைக்கும் யிஜின் ஜிங் என்னும் நூலின் முன்னுரை தன்னை 7ஆம் நூற்றாண்டினதாகக் காட்டிக்கொண்டாலும், அந்நூல் 17ஆம் நூற்றாண்டில் எழுந்தது என்பதே ஆய்வாளர்களின் முடிவு. சென் (ஜென்) பௌத்த மரபில் போதிதர்மருக்கு உள்ள உயர்ந்த இடம் இதனால் சிறிதும் குறையாது. பெருமிதத்தால் வந்து சேர்ந்து நன்றாகக் கற்றவரும் இருக்கக்கூடும் என்பதால் அந்த ஆர்வத்தை நான் தடுப்பதில்லை. கேட்பவரிடம் உண்மையையும் சேர்த்தே சொல்கிறேன்.

விங் சுன்னுக்கும் அதற்கே உரிய தொன்மக் கதை ஒன்று இருக்கிறது. தன்னை வற்புறுத்தி மணக்க முயன்ற முரடனை, யிம் விங் சுன் என்னும் இளம்பெண், இங் மூய் என்ற பௌத்தத் துறவினியிடம் கற்ற கலையால் வென்றாள் என்பது அக்கதை. யிப் மானே இதை எழுதி வைத்திருக்கிறார். அக்காலத்து ஆவணச் சான்று எதுவும் இதற்கு இல்லை. ஆயினும் எங்கள் கூடத்தில் இருந்த சிஜே ஒருவர், மருத்துவமனைச் செவிலியர், இந்தக் கதைக்காகவே சேர்ந்தவர். இரவுப் பணி முடித்துத் தனியே வீடு திரும்பும்போது இருந்த அச்சமே தம்மை அங்கே கொண்டுவந்தது என்று அவர் சொன்னார். கண்ணால் கண்டு கையை உயர்த்துவதற்குள் அடி விழுந்துவிடும் நெருக்கத்தில் தொடுவுணர்வே முதலில் செய்தி சொல்கிறது என்பதும், முழங்கை உடலின் நடுக்கோட்டை நோக்கி அடங்கியிருந்தால் எதிராளியின் பலம் தோளில் தங்காமல் கால்வழித் தரைக்கு இறங்கிவிடுகிறது என்பதும் அவரோடு சி சாவ் என்னும் ஒட்டும் கைப்பயிற்சி செய்தபோதுதான் எனக்கு விளங்கின.

யிப் மானின் வாழ்க்கையை வைத்து 2008-இல் வந்த திரைப்படம் பார்த்துவிட்டு வந்தவர்களே என் காலத்தில் மிகுதி. அவர்கள் எதிர்பார்த்தது விரைவான தொடர்குத்து; கிடைத்தது, ஆட்டை முழங்கால்களுக்கிடையே இடுக்கி நிற்பது போன்ற நிலையில், தொடை நடுங்க நடுங்க, ஒரு கையை மிக மெதுவாக முன்னே நகர்த்தும் பயிற்சி. முதல் மூன்று மாதங்களில் பெரும்பாலோர் நின்றுவிட்டார்கள். அவர்களுக்கு ஊக்கம் குறைவு என்று நான் நினைக்கவில்லை. கூட்டம் மிகுந்த நாள்களில் புதியவர்கள் ஆசிரியரின் கையைத் தொடும் முறை வருவதற்கு வாரக்கணக்கில் ஆகிவிடும். அதுவரை அந்த மெதுவான அசைவு எதற்கென்று அவர்கள் உடலுக்குத் தெரிய வழியே இல்லை. இதில் குறை எங்கள் கூடத்து நடைமுறையில்தான் இருந்தது.

ஆகவே, நீங்களே ஒரு பாணியைத் தேர்ந்தெடுக்கும் எண்ணத்தில் இதைக் கேட்டிருந்தால், காணொளிகளை ஒப்பிட்டுக்கொண்டிராமல், நீங்கள் வாரம் இருமுறை தவறாமல் போய்வரக்கூடிய தொலைவில் என்ன கற்பிக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். ஒரு வகுப்பு முழுவதும் ஓரமாக அமர்ந்து கவனியுங்கள்; ஐந்தாறு ஆண்டுகளாக வரும் மாணவர்கள் இருக்கிறார்களா, அவர்கள் புதியவர்களை எப்படி நடத்துகிறார்கள் என்று பாருங்கள். வகுப்பு முடிந்ததும் ஆசிரியரிடம் பணிவாக, "ஒருமுறை உங்கள் கையைத் தொட்டுப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். என் ஆசிரியர் யாரிடமும் ஏன் வந்தாய் என்று கேட்டதில்லை. புதிதாக யார் வாசலில் நின்றாலும், தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, முதலில் தம் முன்கையைத்தான் நீட்டுவார்.