அடிபட்டவன் வாயில் தண்ணீர்

அன்புள்ள ஐயா,
சென்ற மாதம் திண்டிவனம் அருகே நெடுஞ்சாலையில் ஒரு பைக் விபத்து. பையன் ரத்தத்தில் கிடந்தான். சுற்றி நின்றவர்களில் பாதிப்பேர் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் இறங்கி அவன் வாயில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினேன். போலீஸ், கேஸ் என்று அலைய முடியாதென்பதால் ஆம்புலன்ஸ் வருமுன் கிளம்பிவிட்டேன். வள்ளலார் வாழ்ந்த மண்ணில் மனிதம் செத்துவிட்டதா?

அன்புள்ள நண்பருக்கு,

மனிதம் செத்ததா பிழைத்ததா என்பதைப் பட்டிமன்றக்காரர்களுக்கு விட்டுவிடுவோம். வீடியோ எடுத்தவர்களைப் பற்றியும் எனக்குப் பேச ஒன்றுமில்லை. நீங்கள் வண்டியை நிறுத்தினீர்கள். பலர் அதைக்கூடச் செய்வதில்லை.

ஆனால் அந்தத் தண்ணீரை ஏன் ஊற்றினீர்கள்?

நம் ஊரில் எங்கே விபத்து நடந்தாலும் முதலில் நீள்வது ஒரு தண்ணீர் பாட்டில்தான், சில இடங்களில் சோடா. ரத்தம் போனால் நாக்கு வறளும், அடிபட்டவன் தண்ணீர் தண்ணீர் என்றுதான் கேட்பான். குடிக்கும் தண்ணீர் அந்த இழப்பை ஈடுகட்டாது. அரை மயக்கத்தில் இருப்பவனுக்கு விழுங்கத் தெரியாது, ஊற்றியது மூச்சுக்குழாய்க்குள் போகும். ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலில் இறங்கும். ரொம்பக் கெஞ்சினால் ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துவிடுங்கள், போதும். கல்நெஞ்சுக்காரன் என்று கூட்டம் திட்டும். திட்டட்டும்.

உங்கள் கைக்கு வேறு வேலை இருந்தது. ரத்தம் கொட்டும் இடத்தில் சுத்தமான துணியை மடித்து வைத்து அழுத்த வேண்டும். நின்றதா என்று நிமிடத்துக்கொரு முறை தூக்கிப் பார்த்தால் உறைந்துவரும் ரத்தம் பிய்ந்துவிடும். பத்து நிமிடம் கையை எடுக்காதீர்கள். துணி நனைந்தால் அதன்மேலேயே இன்னொன்று. கம்பியோ கண்ணாடியோ குத்தி நின்றால் பிடுங்கக் கூடாது, அதைச் சுற்றி அழுத்துங்கள். ஆளைக் கை கால் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கிப் போடாதீர்கள். கழுத்தெலும்பு முறிந்திருந்தால் அந்தத் தூக்கலிலேயே ஆயுசுக்கும் கை கால் விளங்காமல் போய்விடும். மூச்சு சீராக இருந்தால் ஹெல்மெட்டையும் கழற்ற வேண்டாம்.

கூட்டத்தில் எல்லோரும், யாரோ 108க்குச் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு நிற்பார்கள். ஒருவரைக் கைகாட்டி, "சிவப்புச் சட்டை அண்ணே, நீங்க போடுங்க" என்று சொல்லுங்கள். எந்த ஊரைப் பார்த்துப் போகிற பக்கம், பக்கத்துக் கிலோமீட்டர் கல்லில் என்ன எண், எத்தனை பேருக்கு அடி, நினைவு இருக்கிறதா என்பதையெல்லாம் அவர் சொல்ல வேண்டும்.

போலீஸ் பயம் என்கிறீர்கள். படித்தவர் இப்படிச் சொல்வதுதான் எரிச்சலாக இருக்கிறது. உதவியவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற விதிமுறைகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016லேயே சட்ட பலம் கொடுத்துவிட்டது. 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவும் சேர்ந்தது. நல்லெண்ணத்தோடு உதவியவர்மேல் வழக்குப் போட முடியாது, பெயர் முகவரி சொல்லக் கட்டாயப்படுத்தவும் முடியாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் முதல் விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசுத் திட்டமும் இருக்கிறது. பணம் யார் கட்டுவது என்று நீங்கள் தயங்கவும் வேண்டியதில்லை.

இன்னொன்று. அவன் பையில் செல்போன் அடித்தால் எடுத்துப் பேசுங்கள். அம்மாவாக இருக்கலாம். அடிபட்டிருக்கிறது, ஆம்புலன்ஸில் இந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறான், கூட ஆள் இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். "சீரியஸ்" என்ற வார்த்தையை உங்கள் வாயால் சொல்லாதீர்கள். அதைக் கேட்டுவிட்டுப் பதறி இன்னொரு பைக்கில் கிளம்புவார்கள்.