போர்ட் லூயிஸ் எப்படி இருமொழி நகரமானது? அங்கே எதைப் பார்க்கலாம்?

அன்றாடக் காரியங்கள் இரு மொழிகளில் நடக்கும் ஊரே இருமொழி நகரம். மொரீஷியசின் தலைநகரான இங்கே அரசு அலுவல் ஆங்கிலத்தில் நடக்கிறது. நாளிதழ்கள் பெரும்பாலும் பிரெஞ்சில் வருகின்றன. 1810இல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து தீவைப் பிடித்த பிரிட்டிஷார் மக்களின் மொழியையும் வழக்கத்தையும் விட்டுவைத்ததே காரணம். வீட்டுக்காரர் மாறினாலும் குடியிருப்பவர் பேச்சு மாறாதது போல.

முதலில் துறைமுகத்தின் பழைய குடியேற்ற நிலையமான ஆப்பிரவாசி காட் செல்லுங்கள். ஒப்பந்தக் கூலிகளாக வந்த, மொரீஷியஸ் தமிழர்களான எங்கள் முன்னோர் ஏறிய கற்படிகள் அங்கே இருக்கின்றன. அவசரப்படாமல் நின்று பாருங்கள். பிறகு சந்தையில் சூடான தால் பூரி: பருப்புப் பூரணம் வைத்த மெல்லிய ரொட்டி இரண்டை அடுக்கி, பயறுக் குழம்பு தடவிச் சுருட்டித் தருவார்கள். சீனர் தெருவும் ஜும்மா மசூதியும் நடை தூரம்தான்.

மொரீஷியஸ் ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்து இருப்பதால் தமிழிலேயே பேசிச் சமாளிக்கலாம் என்று எண்ணிவிடாதீர்கள். தமிழர்களான நாங்களும் வீட்டில் பெரும்பாலும் பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழிதான் பேசுகிறோம்.