நீச்சல் பக்கம்: கேள்வியும் பதிலும்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்களின் கேள்விகளுக்கு நீச்சல் பயிற்சியாளர்கள் பதில் சொல்கிறார்கள்.

அமெரிக்காவின் கேட்டி லெடெக்கி 15 வயதில் ஒலிம்பிக் தங்கம் வாங்கினார், 27 வயதிலும் வாங்கினார். இருபதைத் தாண்டினாலே நீச்சலில் பெண்களுக்கு வேகம் குறையும் என்கிறார்களே, இவரால் மட்டும் எப்படி முடிகிறது?
– வாசகி, பாலக்கோடு

குறையும் என்பது பழைய பேச்சு. ஸ்வீடனின் சாரா ஷோஸ்ட்ரம் 50, 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் (விருப்பப் பாணி) இரண்டிலும் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 30. லெடெக்கியை எடுத்துக்கொண்டால், 2012 லண்டன், 2016 ரியோ, டோக்கியோ, 2024 பாரிஸ் என்று வரிசையாக நான்கு ஒலிம்பிக்கிலும் 800 மீட்டர் ஃப்ரீஸ்டைல் தங்கம் அவருக்குத்தான். மொத்தம் 14 பதக்கம், அதில் 9 தங்கம்.

பதக்கக் கணக்கைவிட நேரக் கணக்கைப் பாருங்கள். 2016-இல் ரியோவில் 800 மீட்டருக்கு 8 நிமிடம் 4.79 விநாடி, உலக சாதனை. அதை 2025 மே மாதம் அவரே உடைத்தார்: 8 நிமிடம் 4.12 விநாடி. ஒன்பது ஆண்டில் 0.67 விநாடிதான் குறைந்தது! 50 மீட்டர் குளத்தில் 800 என்றால் 16 நீளம். ஒரு நீளத்துக்குச் சராசரி 30.26 விநாடி. இந்த வேகத்தைக் கடைசிவரை பெரிதாக விட்டுவிடாமல் போவதுதான் அவர் பலம். தண்ணீரில் 5 சதவீதம் வேகம் கூட்ட ஏறக்குறைய 16 சதவீதம் கூடுதல் சக்தி வேண்டும். முதல் 100 மீட்டரில் பாய்ந்தவர் 500-இல் அந்தக் கடனைக் கட்டுவார்.

அவர் எதை விட்டார் என்பதும் முக்கியம். டோக்கியோவில் ஒரே நாள் காலையில் 200 மீட்டர் இறுதியில் ஐந்தாவதாக வந்து, சற்று நேரத்தில் 1500 மீட்டரில் தங்கம் வென்றார். பாரிஸில் 200 மீட்டர் தனிப்போட்டியை விட்டுவிட்டு நீண்ட தூரத்தில் நின்றார். வயது ஏறும்போது தூரத்தைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதும் திறமைதான்.

என் மகளுக்கு 10 வயது. தோட்டத்துக் கிணற்றில் தாத்தா கற்றுக்கொடுத்தார், மீன் மாதிரி நீந்துவாள். நீச்சல்குளத்தில் சேர்த்தால் "முதலிலிருந்து ஆரம்பிக்கணும்" என்கிறார் பயிற்சியாளர். ஏன்?
– ஒரு தாய், அரூர்

அவர் சொல்வது பாதி சரி. ஆழத்துக்குப் பயப்படாதது, மூச்சடக்குவது, கால் தரையில் படாமல் மிதப்பது எல்லாம் உங்கள் மகளிடம் ஏற்கெனவே இருக்கிறது. இதைக் கற்றுக்கொடுக்கவே குளத்தில் பலருக்கு மாதக்கணக்கில் ஆகும்.

மாற்றவேண்டியது தலை. கிணற்றில் படியைப் பார்க்கவும், மேலேயிருந்து குதிப்பவரைப் பார்க்கவும் தலையைத் தூக்கியே நீந்துவோம். தலை மேலே போனால் இடுப்பும் காலும் கீழே போகும். உடம்பு சாய்வாக நின்று தண்ணீரைத் தள்ளும். பார்வை குளத்தின் அடித்தரையில் இருக்கட்டும். மூச்சு வாங்கத் தலையைத் தூக்கக் கூடாது, உடம்போடு சேர்த்துப் பக்கவாட்டில் திருப்பவேண்டும். நீச்சல் கண்ணாடியின் ஒரு பக்கம் தண்ணீருக்குள், மறுபக்கம் வெளியே. முகம் உள்ளே இருக்கும்போதெல்லாம் மூக்கு வழியாகக் குமிழி விட்டுக்கொண்டே இருக்கவேண்டும். மூச்சை அடக்கிவைத்து, தலை வெளியே வந்தபின் விட்டு வாங்கப் பார்ப்பதால்தான் 25 மீட்டரிலேயே இரைக்கிறது. கிணற்றுப் பிள்ளைகளிடம் நாங்கள் அதிகம் பார்ப்பது இதைத்தான்.

அடுத்து கால். சைக்கிள் மிதிப்பதுபோல் முழங்காலை மடக்கினால் தொடை தண்ணீரைத் தடுக்கும். உதை இடுப்பிலிருந்து வரணும், பாதம் பின்னால் நீண்டிருக்கணும். கணுக்கால் இறுக்கமாக இருந்தால் வீட்டில் தினமும் ஒரு நிமிடம் வஜ்ராசனத்தில் உட்காரச் சொல்லுங்கள். வலித்தால் நிறுத்திவிடவேண்டும்.

குளத்தில் முதல் மாதம் இது போதும்: சுவரை உதைத்து, கைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் காதோடு ஒட்டி, அசையாமல் 5 மீட்டர் வழுக்கிப் போவது. பிறகு, ஒரு பக்கமாகச் சாய்ந்து 6 உதை, 3 கைவீச்சு, மறுபக்கம் சாய்ந்து 6 உதை. கை தலைக்கு நேர் நடுவில் விழுந்தால் உடம்பு பாம்புபோல் வளையும். தோளுக்கு நேரே விழட்டும். லெடெக்கி பெரும்பாலும் வலப்பக்கமே மூச்சு வாங்குவார், அதைப் பார்த்துக் காப்பியடிக்க வேண்டாம். சிறுவயதில் மூன்று வீச்சுக்கு ஒருமுறை என்று இரண்டு பக்கமும் பழகினால் தோள்கள் சமமாக வேலை செய்யும்.

பாணி அமைந்தபின் வேகம் பார்க்கலாம். 50 மீட்டர் எட்டுமுறை, இடையில் 20 விநாடி ஓய்வு. ஒவ்வொரு நேரத்தையும் நோட்டில் எழுதுங்கள். எட்டாவது முதலாவதைவிட 3, 4 விநாடி கூடிவிட்டால் தொடக்கத்தில் அவசரப்பட்டிருக்கிறாள் என்று அர்த்தம். கைக்கு பேடில் (உள்ளங்கையில் மாட்டும் தட்டை) கட்டுவதெல்லாம் இந்த வயதில் வேண்டாம். தோள் வலியைத் தேடிக்கொள்ளும் குறுக்குவழி அது.

பக்கத்து பெங்களூருவிலிருந்து 14 வயதுப் பெண் ஒலிம்பிக் போனாரே, எப்படி?
– வாசகர், ஓசூர்

தினிதி தேசிங்கு. 2024 பாரிஸில் 200 மீட்டர் ஃப்ரீஸ்டைல், 2 நிமிடம் 6.96 விநாடி. அவர் போனது தகுதி நேரத்தால் அல்ல. நீச்சலில் யாரும் தகுதி நேரம் எட்டாத நாட்டுக்கு ஓர் ஆண், ஒரு பெண் என்று தரப்படும் பொது இடத்தால். அந்தப் போட்டியில் தங்கம் வென்ற ஆஸ்திரேலியாவின் மாலி ஓ'கேலகன் எடுத்தது 1 நிமிடம் 53.27. வித்தியாசம் 13 விநாடிக்கு மேல். அதனால் தினிதியின் பெருமை குறைந்துவிடாது. 14 வயதில் அந்த மேடையில் ஏறியதே பெரிது. ஆனால் இன்னும் எவ்வளவு தூரம் என்று தெரிந்துகொள்வது நல்லது.

மாதவிலக்கு நாட்களில் பயிற்சியை நிறுத்தவேண்டுமா?
– பெயர் வேண்டாம், காவேரிப்பட்டினம்

வேண்டியதில்லை. நாப்கின் தண்ணீரை உறிஞ்சி ஊதிவிடும், குளத்துக்கு உதவாது. உடம்புக்குள் வைக்கும் டாம்பான் அல்லது மாதவிலக்குக் கப் பயன்படுத்தலாம். வலி அதிகமென்றால் அன்று தூரத்தைக் குறைத்து, பாணிப் பயிற்சி மட்டும் செய்யுங்கள். 2016 ரியோவில் தொடர்நீச்சல் போட்டி முடிந்ததும் சீன வீராங்கனை ஃபூ யுவான்ஹுய், தனக்கு மாதவிலக்கு என்று கேமரா முன்னாலேயே சொன்னார். பயிற்சியாளர் ஆணாக இருந்தாலும் தயங்காமல் சொல்லிவிடுங்கள். மாதாமாதம் வராமல் நின்றுபோனால் மட்டும், "கடும் பயிற்சியால்தான்" என்று விட்டுவிடாமல் டாக்டரைப் பாருங்கள். சாப்பாடு போதவில்லை என்பதன் அடையாளமாகவும் அது இருக்கலாம்.

ஒகேனக்கல் ஆற்றில் எதிர்நீச்சல் போட்டால் பலம் கூடுமா?
– வாசகர், பென்னாகரம்

கூடாது, போகவும் கூடாது. அங்கே பாறைக்கடியில் சுழல் இழுக்கும். ஒலிம்பிக் வீராங்கனையானாலும் இழுக்கும். எதிர்ப்புப் பயிற்சி வேண்டுமென்றால் குளத்திலேயே, இடுப்பில் ரப்பர் கயிறு கட்டி, பயிற்சியாளர் கண்முன் 20 விநாடி நீந்தி 40 விநாடி ஓய்வெடுங்கள். ஆறுமுறை போதும்.