சிங்களம் பேசத் தயங்குவோர்: கேள்வி பதில்

வெள்ளவத்தை வாசகர்: வகுப்பு முடித்துவிட்டேன். சிங்களப் பத்திரிகையை வாசிக்கிறேன். கடையில் மட்டும் வாய் வருவதில்லையே, ஏன்?

பதில்: பத்திரிகைச் சிங்களத்தில் வினைச்சொல் எழுவாய்க்கேற்ப மாறும், பேச்சிலோ 'மம யனவா' (நான் போகிறேன்), 'அப்பி யனவா' (நாங்கள் போகிறோம்), 'எயா யனவா' (அவர் போகிறார்) என்று ஒரே வடிவம் எல்லோருக்கும் போதும். எழுத்து நடையில் வாக்கியத்தை மனத்துக்குள் அமைத்து முடிப்பதற்குள் கடைக்காரர் அடுத்தவரைக் கவனிக்கப் போய்விடுவார். ஆனால், மொழியை அறிந்திருப்பது வேறு, பேச முன்வருவது வேறு. ஒருவர் இரண்டாம் மொழியில் பேச முன்வருவது எதனால் என்று விளக்க, ஆய்வாளர் மக்கின்டையரும் அவருடைய சகாக்களும் 1998இல் முன்வைத்த ஆறடுக்குப் பிரமிட்டு வரைபடத்தில் மொழித்திறன் கீழிருந்து இரண்டாம் அடுக்கிலேயே இருக்கிறது. இன்னாரோடு இப்போது பேசவேண்டும் என்ற விருப்பமும் அந்நேரத்துத் தன்னம்பிக்கையும் அதற்கு வெகு மேலே, பேச முன்வரும் கணத்தை ஒட்டி இருக்கின்றன. ஆகவே ஒரே கடைக்கு, ஒரே ஆளிடம் போய்ப் பழகுங்கள்.

கொட்டாஞ்சேனை வாசகர்: நான் சிங்களத்தில் தொடங்கினாலும் எதிரிலிருப்பவர் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார்.

பதில்: அவர் உதவுவதாகவே நினைக்கிறார். 'மட்ட சிங்ஹல புருது வென்ன ஓன', அதாவது எனக்குச் சிங்களம் பழகவேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அரச ஊழியர் ஒருவர்: மொழித் தேர்ச்சிப் பரீட்சைக்கு எப்படி விண்ணப்பிப்பது?

பதில்: ராஜகிரியவிலுள்ள அரசகரும மொழிகள் திணைக்களத்தில் கேளுங்கள்.

தெஹிவளை வாசகர்: 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தப்படி தமிழும் அரசகரும மொழிதானே? நாம் ஏன் வளைந்து கொடுக்கவேண்டும்?

பதில்: அலுவலகத்தில் வளையவே வேண்டாம்; படிவத்தைத் தமிழிலேயே கேட்டு வாங்குங்கள். அயலவரோடு பேசுவது அந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாகாது.

அதே வாசகர்: போர்க்காலச் சோதனைச் சாவடிகளை மறந்துவிட்டுப் பேசுகிறீர்கள்.

பதில்: மறக்கவில்லை. அடையாள அட்டையை நீட்டியபடி, எங்கே தங்கியிருக்கிறாய் என்ற விசாரணைக்குப் பதில் சொல்வதற்காகவே சிங்களத்தைப் பயன்படுத்திய ஒருவருக்கு, அதே மொழியில் கத்தரிக்காய் விலை கேட்கும்போதும் தொண்டை அடைப்பதில் வியப்பில்லை. இனங்களுக்கிடையிலான சூழலைப் பிரமிட்டின் அடித்தளத்தில் வைத்திருப்பதும் இதனால்தான். இதைக் கூச்சம் என்று சொல்லி ஆசிரியர்கள் கடிந்துகொள்வது எனக்குக் கொஞ்சமும் பிடிப்பதில்லை. அத்தகையவர் நம்பிக்கையான ஒரு நண்பரோடு வீட்டிலிருந்து தொடங்கட்டும்.

வத்தளை வாசகர்: இலக்கணத்தை முழுதாக முடித்துவிட்டுப் பேசலாமா?

பதில்: முதற்பதிலைப் பாருங்கள். எழுத்து நடையைக் கட்டிக்கொண்டு அழாதீர்கள்.

பம்பலப்பிட்டி வாசகர்: பஸ்ஸில் 'பஹினவா' (இறங்குகிறேன்) என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

பதில்: சொல்லாவிட்டால் வெள்ளவத்தையில்தான் இறங்குவீர்கள்.