வாசகர் கேள்வி பதில்: புட்டிக்குள் முதிரும் ஒயின்

கேள்வி: பிரான்சின் போர்தோ பகுதிச் சிவப்பு ஒயின் நாள்பட நாள்படச் சிறக்கும் என்கிறார்களே, புட்டிக்குள் என்ன நடக்கிறது? அதைச் சுவைத்து எப்படி அறிவது?

பதில்: பிரான்சில் விளையும் ஒயினில் பெரும்பகுதி ஓரிரு ஆண்டுகளுக்குள் குடித்துவிடுவதற்கென்றே செய்யப்படுகிறது, அதைப் பத்தாண்டு பூட்டி வைத்தால் மிஞ்சுவது சோர்ந்துபோன ஒயின்தான். போர்தோவின் மெதோக் பகுதியில் கேபர்னே சோவிஞோன் என்னும் திராட்சையிலிருந்து செய்யும் நல்ல ஒயின் போன்ற சிலவே காத்திருப்புக்குத் தகுந்தவை. திராட்சையின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் இறங்கும் டானின் என்னும் துவர்ப்புப் பொருள், நிறமிகளோடு பிணைந்து மெல்லத் திரண்டு, கடைசியில் வண்டலாகப் படிகிறது. ஈறுகளை இறுக்கிய துவர்ப்பு தணிவதும், ஊதா கலந்த சிவப்பு வெளிறிச் செங்கல் நிறமாவதும் பெரிதும் இதனால்தான். வெள்ளைத் தாளின் மேல் கோப்பையைச் சாய்த்து, ஒயினின் விளிம்பைப் பாருங்கள். வயது முதலில் அங்கேதான் தெரியும். வெள்ளை ஒயினில் இது தலைகீழ்: வைக்கோல் நிறம் பொன்னாகி, பின் பழுப்பை நோக்கிக் கறுக்கும்.

மணமும் மாறும். இளமையில் முன்னிற்கும் பழவாசனை பின்வாங்க, தேவதாரு மரம், புகையிலை, தோல், மழையில் நனைந்த சருகு, காளான் ஆகியவை ஒவ்வொன்றாக எழும். பிரான்சின் பர்கண்டி பகுதியில் பினோ நுவார் என்னும் திராட்சையிலிருந்து செய்யும் சிவப்பு ஒயினில் இந்தக் காட்டுத்தரை மணம் இன்னும் தூக்கலாக இருக்கும்.

ஆனால் மதிப்பீட்டின் உயிர்நாடி ஒரே கேள்விதான்: துவர்ப்பு தணியும் வரை பழச்சுவை தாக்குப்பிடிக்குமா? 1975ஆம் ஆண்டு அறுவடையின் போர்தோ ஒயின்கள் பலவற்றில் டானின் இளகுவதற்குள் பழச்சுவை வற்றிப்போயிற்று. மாறாக, 1982ஆம் ஆண்டு ஒயின்கள் வந்த புதிதில், புளிப்பு குறைவு, இவை நெடுநாள் நிற்கா என்று சிலர் ஐயுற்றபோது, அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கர் அவற்றைப் போற்றி எழுதினார். காலம் அவர் பக்கமே நின்றது. விழுங்கிய பின் சுவை எத்தனை நொடி நிலைக்கிறது என்றும் எண்ணிப் பாருங்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஒரு நொடிக்கு ஒரு 'கோதாலி' என்று கணக்கிடுகிறார்கள். அளவை சற்று வேடிக்கையானதுதான், ஆயினும் அது ஏமாற்றுவது அரிது.

கேள்வி: ஆறு வயதான ஒரு நல்ல போர்தோவைத் திறந்தபோது மணமே இல்லை. கெட்டுவிட்டதா?

பதில்: நனைந்த அட்டைப்பெட்டி போன்ற நாற்றம் இருந்தால் தக்கை கெடுத்திருக்கிறது, அதற்கு மாற்றில்லை. நாற்றமும் இல்லை, மணமும் இல்லை என்றால், இளமைக்கும் முதிர்ச்சிக்கும் இடையே ஒயின் வாய்மூடிக் கிடக்கும் பருவமாக இருக்கலாம். மற்ற புட்டிகளைச் சில ஆண்டுகள் விட்டுவையுங்கள். வெள்ளை பர்கண்டிக்கு இவ்வளவு பொறுமை காட்ட வேண்டாம் என்பது என் கருத்து: 1990களின் நடுப்பகுதி அறுவடைகள் முதல் அவற்றில் பல புட்டிகள் வயதுக்கு முன்பே பழுப்பேறி, வெட்டி வைத்த ஆப்பிளின் வாடை அடித்தன.

கேள்வி: 2016ஆம் ஆண்டு போர்தோ பன்னிரண்டு புட்டிகள் வைத்திருக்கிறேன். எப்போது திறக்கலாம்?

பதில்: ஏறத்தாழ 12 டிகிரி செல்சியஸில், இருட்டில், தக்கை காயாதபடி படுக்கை வசமாக வைத்து, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒன்றாகத் திறந்து, நிறம், மணம், துவர்ப்பு, சுவை நிலைக்கும் நேரம் ஆகியவற்றைத் தேதியிட்டு எழுதி வாருங்கள். வண்டல் சேரத் தொடங்கியபின், திறப்பதற்கு முதல் நாளே புட்டியை நிமிர்த்தி வைத்து, தெளிந்ததை மட்டும் வேறு கலத்துக்கு ஊற்றிக்கொள்ளுங்கள். மிக முதிர்ந்த ஒயினாயின் ஊற்றியவுடன் குடிப்பதே நல்லது, மணம் விரைவில் கலைந்துவிடும். அடுத்தடுத்த இரண்டு புட்டிகளில் பழச்சுவை முந்தையதைவிடக் குறைந்திருக்கிறது என்று உங்கள் குறிப்பே காட்டுமானால், எஞ்சியவற்றுக்கு நண்பர்களை அழைத்துவிடுங்கள்.