உப்பு கரையும், ஐஸ் உருகும்

கேள்வி: வேதியியல் பாடத்தில் வரும் 'கரைசல்' ஆங்கிலச் சொல்லுக்காகப் புதிதாக உண்டாக்கியதுதானே? அதன் மூலம் என்ன?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: புதிதாகவா? நேற்று ரசத்துக்குப் புளி கரைத்திருப்பீர்களே, அந்தக் 'கரை'தான் மூலம். கடை, கடைசல் ஆனதுபோல கரை, கரைசல் ஆயிற்று. புளி, மாவு, கூழ், ஆரத்திக்கு மஞ்சள், ஆற்றில் அஸ்தி என்று எல்லாவற்றையும் நாம் கரைக்கத்தான் செய்கிறோம். இதில் மாவு கொஞ்ச நேரத்தில் அடியில் தங்கிவிடும், உப்பு தங்காது. தங்காத வகைக்கு மட்டும் 'கரைசல்' என்று வேதியியல் எல்லை போட்டுக்கொண்டது. ஈழத்தில் 'கரைச்சல்' என்றால் தொல்லை!

எனக்கு உள்ள கரைச்சல், 'ஐஸ் கரைந்துவிட்டது' என்று எழுதுகிறவர்கள். இந்தப் பக்கத்தில் பலமுறை போட்ட சண்டைதான், மறுபடியும் போடுகிறேன். ஐஸ் உருகும். உருகுவதற்குச் சூடு போதும், கரைவதற்கு இன்னொரு பொருள் வேண்டும். உப்பை உருக்க 801 டிகிரி செல்சியஸ் தேவை. கரைக்க ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீர் போதும். 100 கிராம் தண்ணீர் சுமார் 36 கிராம் உப்பை வாங்கிக்கொள்ளும், அதற்கு மேல் போட்டால் அப்படியே கிடக்கும். அந்த நிலைக்குத் 'தெவிட்டிய கரைசல்' என்று பேர் வைத்தவரைக் கையெடுத்துக் கும்பிடுவேன். பாயசம் நமக்குத் தெவிட்டுகிற மாதிரி தண்ணீருக்கு உப்பு தெவிட்டுகிறது. எவ்வளவு அழகு!

அப்புறம், கரைசல் என்றதும் எனக்குச் சோதனைக்கூடம் நினைவுக்கு வருவதில்லை, 1971 வங்கதேசப் போர்தான் வருகிறது. எல்லையில் பங்காவ்ன் அகதி முகாமில் காலரா. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கரைத்த தண்ணீரைப் பீப்பாய்களில் வைத்து, உறவினர்களையே குடிக்கக் கொடுக்கச் சொன்னார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. குளுக்கோஸ் குடலுக்குள் போகும்போது உப்பையும் கூட்டிக்கொண்டு போகிறது, உப்பின் பின்னால் தண்ணீர் போகிறது.

வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் இந்த உப்பு-சர்க்கரைக் கரைசலுக்கான ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வீட்டில் இல்லையென்றால், கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. குழந்தைக்குக் கொடுக்குமுன் நாக்கில் வைத்துப் பாருங்கள். கண்ணீரைவிட அதிகம் கரித்தால் கீழே கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள்.