வட்டில்லாக் கணினிகளுக்கான தொடக்க ஸ்கிரிப்ட்: எதை முதலில் செய்ய வேண்டும்?

ஆய்வகத்திலுள்ள 30 கணினிகளை ஹார்டு டிஸ்க் இல்லாமல் ஒரே சர்வரிலிருந்து இயக்கப் போவதாகவும், ஒவ்வொன்றுக்கும் தனி ரூட் அடைவு (இயங்குதளக் கோப்புகள் அனைத்தும் அடங்கிய தலைமை அடைவு) வைத்து அதற்கேற்பத் தொடக்க ஸ்கிரிப்டை (கணினி எழும்போது தானாக ஓடும் கட்டளைக் கோப்பை) எழுதலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பதே என் பதில். 30 நகல்கள் இருந்தால் ஒரு பாதுகாப்புத் திருத்தத்தை 30 இடங்களில் செய்ய வேண்டும். அவற்றுள் ஒன்றாவது விடுபட்டுப் போகும்.

ஒரே ரூட்டை, படிக்க மட்டும் அனுமதித்து, வலைப்பின்னலில் கோப்புகளைப் பகிரும் முறையான என்எஃப்எஸ் வழியாக எல்லாக் கணினிகளுக்கும் கொடுங்கள். அப்போது எழுதுவதற்கான இடங்களை நினைவகத்தில் உண்டாக்குவதே ஸ்கிரிப்டின் முதல் வேலையாகிறது. இதை மிக நேர்த்தியாகச் செய்திருப்பது ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளம் என்பது என் கருத்து. கணினி வட்டில்லாமல் எழுந்திருக்கிறது என்று தெரிந்தவுடன், மற்றச் சேவைகளைத் தொடங்குவதற்கு முன்பே, அதன் தொடக்க ஸ்கிரிப்ட் இதற்கென உள்ள தனி ஸ்கிரிப்டை ஓட்டுகிறது. அது நினைவகத்தில் ஒரு சிறு கோப்பு முறைமையை அமைத்து அமைப்புக் கோப்புகள் இருக்கும் எட்சி (/etc) அடைவின் மேல் ஏற்றுகிறது. பிறகு கான்ஃப் (/conf) அடைவிலுள்ள பேஸ், டிஃபால்ட், துணைவலையின் பிராட்காஸ்ட் முகவரி (அந்த வலைப்பகுதியிலுள்ள எல்லாக் கணினிகளுக்கும் பொதுவானது), கணினியின் ஐபி முகவரி ஆகிய பெயர்களைக் கொண்ட அடைவுகளிலிருந்து, இதே வரிசையில், கோப்புகளை நகலெடுக்கிறது. பின்னால் வருவது முன்னதன் மேல் எழுதப்படுவதால், ஒரு கணினிக்கு மட்டும் அச்சுப்பொறி வேறு என்றால், அதன் ஐபி முகவரியைப் பெயராகக் கொண்ட அடைவில் அந்த ஒரு கோப்பை வைத்தால் போதும். லினக்ஸில், 2014-இல் வெளிவந்த 3.18 கெர்னல் (இயங்குதளத்தின் கரு) முதல் கிடைக்கும் ஓவர்லேஎஃப்எஸ் (படிக்க மட்டுமான அடைவின் மேல் எழுதக்கூடிய அடுக்கை வைக்கும் கோப்பு முறைமை) கொண்டு, உண்மையான ரூட்டுக்கு மாறுவதற்கு முந்தைய தொடக்க ராம் வட்டு நிலையிலேயே ஏறத்தாழ இதைச் செய்யலாம்.

அடுத்தது, நானே இரண்டு மாலைப் பொழுதுகளை இழந்து கற்றது. எங்கள் கணினிகள் நன்றாகத் தொடங்கின. அணைக்கும்போது மட்டும், எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல், பாதியில் உறைந்து நின்றன. ரூட்டை விடுவிப்பதற்கு முன்பே வலைப்பின்னலை நிறுத்தும் வழக்கமான ஸ்கிரிப்டை நான் அப்படியே விட்டிருந்தேன். இணைப்பு போன பின், அடுத்து ஓட வேண்டிய கட்டளையையே சர்வரிலிருந்து படிக்க முடியாது. தொடங்கும்போதும் இதே ஆபத்து உண்டு: கெர்னல் ஏற்கெனவே டிஎச்சிபி (கணினிகளுக்கு ஐபி முகவரி வழங்கும் முறை) மூலம் பெற்ற முகவரியை மதிக்காமல், வலைப்பின்னல் ஸ்கிரிப்ட் இடைமுகத்தை (வலைப்பின்னல் இணைப்பை) ஒருமுறை இறக்கி ஏற்ற முயன்றால், இறக்கியதோடு எல்லாம் நின்றுவிடும். எனவே ரூட் எந்த இடைமுகத்தின் வழியாக வருகிறதோ, அதை எந்த ஸ்கிரிப்டும் தொடாதபடி முதலிலேயே விலக்கி வையுங்கள்.

தொலைவிலிருந்து உள்நுழைவோருக்குக் கணினியை அடையாளம் காட்டும் எஸ்எஸ்எச் சாவிகளைப் பொது ரூட்டில் வைக்காதீர்கள். எல்லாக் கணினிகளும் ஒரே அடையாளத்தோடு நிற்கும். ஒவ்வொரு தொடக்கத்திலும் புதிதாக உருவாக்கினால், பயனர்கள் ‘அடையாளம் மாறிவிட்டது’ என்ற எச்சரிக்கையைப் பார்த்துப் பார்த்து அதைப் பொருட்படுத்தாமலே போவார்கள்.

சில கணினிகள் டிஎச்சிபி பதில் கிடைக்காமல் நின்றால், ஸ்கிரிப்டில் கை வைப்பதற்கு முன் ஸ்விட்சைப் பாருங்கள். ஸ்பானிங் ட்ரீ (வலைப்பின்னலில் சுழல் பாதைகள் உருவாகாமல் தடுக்கும் முறை) இயங்கும் போர்ட், இயல்பமைப்பில், கணினியை இயக்கிய பின் சுமார் 30 விநாடிகள் தரவைக் கடத்தாது. அதற்குள் கணினி கேட்டுச் சலித்திருக்கும்.